நீலமேகத்தின் பொடிடப்பா

டப்பா இல்லை.

டூல் ரூம் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்ட ஜெபகுமார்தான் முதலில் பார்த்தார். சரஸ்வதி படம் இருந்தது. இரண்டு வெள்ளிக் குத்துவிளக்குகள் இருந்தன. சந்தனப் பொட்டு வைத்த மைக்ரோமீட்டர், ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் காலையில் வெள்ளைத் துண்டின்மேல் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. நடுவில் ஒரு சின்ன இடம் மட்டும் காலி. அந்த இடத்தின் ஓரமாகத் துண்டில் சிவப்பாக ஒரு விரல் கறை.

"ஐயோ, ஏசுவே!" என்றார் ஜெபகுமார்.

அவருக்குப் பின்னால் மாலையும் சால்வையுமாக வந்துகொண்டிருந்த கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றது. கூட்டத்தின் நடுவே பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி வந்த சுப்பராயனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

1991, ஆயுத பூஜை நாள், வியாழக்கிழமை. மாலை ஏழே முக்கால்.

சுப்பராயன் யார் என்று அந்த வட்டாரத்தில் கேட்டிருந்தால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அப்போது ஏரியும் கரம்பும் போக நாலைந்து கம்பெனிகள்தான். அதில் பிஸ்டன் பின் செய்கிற கம்பெனியில் அவர் ஆட்கள் வந்துபோகிற நேரம் குறிக்கிற டைம் ஆபீஸ் கிளார்க். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் கிளார்க் இல்லை. டி.வி.யில் துப்பறியும் நீலமேகம். ஆறு வருஷமாக அந்த நேரத்தில் குன்றத்தூர் கடைத்தெருவில் ஈ காக்கை இருக்காது. நீலமேகம் சட்டைப் பையிலிருந்து வெள்ளிப் பொடிடப்பாவை எடுத்து, மூடியை இரண்டு தட்டுத் தட்டி, ஒரு சிட்டிகை உறிஞ்சி, "குற்றவாளி இந்த அறையிலேயே இருக்கிறார்" என்று சொல்லும்போது சோறு பிசைகிற கை பாதியில் நின்றுவிடும்.

அந்தத் தொடரின் கடைசிப் பகுதி அன்றைக்கு ஒளிபரப்பானது. நீலமேகம் விடைபெறுகிறார். கம்பெனி கேன்டீனில் பெரிய டி.வி. வைத்து, குடும்பம் குட்டியோடு எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒர்க்ஸ் மேனேஜர் ஏகாம்பரநாதனே தரையில் உட்கார்ந்து பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பா டூல் ரூமுக்கு எப்படிப் போயிற்று என்றால், அது தொழிலாளிகள் செய்த வேலை. ஆயுத பூஜைக்கு அவனவன் பிழைக்கிற கருவியைச் சாமி முன்னால் வைக்கிறான். "உன் ஆயுதம் இன்னா சார்? டப்பாதானே! வை சார்" என்று கடைசல்காரர் தாண்டவராயன் பிடித்த பிடியில் சுப்பராயனும் குளிர்ந்துபோய் வைத்துவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தொடாமல், அதற்குப் பக்கத்தில் சுப்பராயனை நிறுத்தி மாலை போட்டுப் போட்டோ எடுப்பதாகத்தான் ஏற்பாடு.

காலையில் பூஜை முடிந்ததும் சுப்பராயன் பேசினார். டைரக்டரில் தொடங்கி மேக்கப்மேன், கேமராமேன், டி.வி. நிலையத்து வாட்ச்மேன், கம்பெனி முதலாளி, ஏகாம்பரநாதன், ஜெபகுமார் என்று வந்து, ஷூட்டிங் போகிற நாளில் இருட்டோடு டீ கொடுத்து அனுப்புகிற கேன்டீன் கண்ணப்பன் வரைக்கும் பேர் சொல்லி நன்றி சொன்னார். "இன்னா மனுசன்யா! ஒருத்தரையும் விடலை" என்று ஜனங்கள் மெச்சிக்கொண்டார்கள்.

பிறகு டைம் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தார். உடன் வேலை பார்க்கும் பலராமன் பஞ்ச் கடிகாரத்தைத் துடைத்துப் பொட்டு வைத்து, வருஷா வருஷம் செய்கிறபடி புது ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தார். தாமதமாக வருகிறவனுக்கு அந்தக் கடிகாரம் அட்டையில் சிவப்பாக நேரம் குத்தும். அதனால் அதன் ரிப்பனில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. "ஒரு கை பிடியேன் சுப்பு" என்றார் பலராமன். பட்டு வேட்டியில் மை பட்டுவிடும் என்று சுப்பராயன் நகர்ந்து உட்கார்ந்தார். கை கொடுப்பதற்குப் பதிலாக, கடைசிக் காட்சியை நடித்தே காட்டினார்.

"ஊரே நீலமேகத்துக்குக் கை தட்டுது. நான் கதவுகிட்ட போறேன். அங்க ஏட்டு மண்ணாங்கட்டி நிக்கிறான். கூடவே அலைஞ்ச ஆளு. அவனைக் கையெடுத்துக் கும்பிட்டு, 'கேஸெல்லாம் நீ பிடிச்சது, பேரு மட்டும் எனக்கு'ன்னு சொல்றேன். அவன் அழறான். நான் கதவைத் திறந்துகிட்டுப் போயிடறேன். எப்படி? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கேட்டவர்கள் இரண்டே பேர். பலராமன், அப்புறம் டீ கொண்டுவந்த கண்ணப்பன். கண்ணப்பன் டம்ளரை வைக்கவும் மறந்து நின்றான். பலராமன் குனிந்தபடி ரிப்பனைத் திருகிக்கொண்டிருந்தார்.

இதுதான் காலையில் நடந்தது. இனி டூல் ரூமுக்கு வருவோம்.

"போலீசுக்குச் சொல்லிடலாமா?" என்றார் ஏகாம்பரநாதன்.

"போலீசு எதுக்கு சார்? நீலமேகமே இங்க கீறாரே!" என்றார் தாண்டவராயன். "நீ கண்டுபிடி சார். நாங்க பாக்கறோம்."

நூறு பேர் கை தட்டினார்கள். அந்த இடத்தில் சுப்பராயன், 'ஐயா, எனக்கு யாரோ எழுதிக் கொடுத்ததைத்தான் பேசத் தெரியும்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பொடி எடுக்கிற மாதிரி இரண்டு விரலைச் சேர்த்து மூக்குக்குக் கொண்டுபோனார். கூட்டம் கூச்சல் போட்டது.

ஒவ்வொருவராகத் தனியே டூல் ரூமுக்குள் கூப்பிட்டு விசாரித்தார். நீலமேகம் அப்படித்தான் செய்வார்.

முதலில் டூல் ரூம் இன்சார்ஜ் ஜெபகுமார்.

"சாவி?"

"எங்கிட்டதான் சார். இடுப்பை விட்டு எறங்கலை."

"பூட்டு உடையலை. உள்ள வேற யார் வந்தாங்க?"

"பொழுது சாஞ்சப்புறம் கண்ணப்பன் வந்தான் சார், சுண்டல் தூக்கு எடுக்க. நான்தான் தொறந்துவுட்டேன்."

"அவன் உள்ள இருந்தப்ப நீங்க?"

"வாசல்ல சார். யாரோ பேச்சு குடுத்தாங்க, திரும்பி நின்னுகினு இருந்தேன்."

"அப்போ டப்பா இருந்ததா?"

ஜெபகுமார் தலையைச் சொறிந்தார். "பாக்கலை சார்."

"கடைசி வரைக்கும் டி.வி. பார்த்தீங்களா?"

"பாத்தேன் சார். நீங்க கதவைத் தொறந்துகினு வெளிய போனீங்க, நானும் எழுந்து இங்க வந்துட்டேன்."

ஏட்டைக் கும்பிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, ரசனை கெட்ட மனிதர் என்று சுப்பராயன் மனதுக்குள் முகம் சுளித்தார்.

அடுத்தது பலராமன்.

"டூப்ளிகேட் சாவி?"

"நம்ம ஆபீஸ் பலகையிலதான் தொங்குது சுப்பு. ரூமைப் பூட்டிட்டுத்தானே கேன்டீனுக்கு வந்தேன்."

"கடைசி வரைக்கும் கேன்டீன்லதான் இருந்தியா?"

"நல்லா கேட்டே! நீ அந்த ஏட்டைக் கும்பிட்டியே, அதைப் பாக்காம எழுந்து போவனா? கண்ணுல தண்ணி வந்துடுச்சுப்பா. ஆறு வருஷத்துல அந்த மாதிரி நீ நடிச்சதே இல்லை."

சுப்பராயனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தான் நடித்ததைத் தானே பார்க்க அவருக்கு ஆகாது. கூச்சம். தொடர் ஓடுகிற நேரமெல்லாம் எங்கேயாவது ஒதுங்கிவிடுவார். அன்றைக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி எப்படி வந்திருக்கிறது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று தவித்த மனுஷருக்கு அது தேனாக இறங்கியது. கேட்க வைத்திருந்த அடுத்த கேள்வி மறந்தே போயிற்று. "போ, போய்க் கண்ணப்பனை அனுப்பு" என்றார்.

கண்ணப்பன் வந்தான். முப்பது வயதுக்குள். ஒப்பந்தத்தில் வேலை. மறுநாள் விஜயதசமிக்கு அவனுக்கு நிரந்தர ஆர்டர் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

"சுண்டல் தூக்கு எடுக்க வந்தியா?"

"ஆமா சார்."

"வெளக்கு வைக்கிற நேரத்துல கேட்டாண்ட பூசணிக்காய் உடைச்சது யாரு?"

"நான்தான் சார். வருசா வருசம் நான்தானே."

"கையைக் காட்டு."

காட்டினான். கழுவின கைதான். ஆனாலும் நகக்கண்ணில் சிவப்பு. சட்டைக் கை ஓரத்திலும் சிவப்பு. பூசணிக்காய்க்குள் ஆரத்தி கரைத்து ஊற்றியிருந்தார்கள்.

சுப்பராயன் கதவை விரியத் திறந்தார். பூஜை என்றும் பாராமல் கருவிகளை ஒதுக்கித் துண்டை உருவித் தூக்கிப் பிடித்தார். கண்ணப்பன் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டத்துக்கு முன்னால் உயர்த்தினார். ஆறு வருஷம் பழகின குரல் தானாக வந்தது.

"குற்றவாளி இந்த இடத்திலேயே இருக்கிறார். இந்தக் கறை சொல்கிறது. இந்தக் கை சொல்கிறது."

கை தட்டல் காதைப் பிளந்தது. அதன்பிறகு நடந்தது சுப்பராயன் எதிர்பார்க்காதது. நீலமேகம் பேர் சொன்னால் திரை இருட்டாகிவிடும், எழுத்து ஓடும். இங்கே எழுத்து ஓடவில்லை. தாண்டவராயன் முதல் அறை விட்டார். நாலு பேர் விழுந்து பிடுங்கினார்கள். "நான் எடுக்கலை சார், நீலமேகம் சார்" என்ற குரல் கால்களுக்கு நடுவிலிருந்து வந்தது. ஏகாம்பரநாதன் கத்தித்தான் பிரித்துவிட வேண்டியதாயிற்று. அப்போதே அவன் பையை உதறினார்கள், கேன்டீனைப் புரட்டினார்கள். டப்பா கிடைக்கவில்லை.

"நாளைக்கு மறுபூஜைக்குள்ள டப்பா வந்தாகணும். இல்லேன்னா போலீஸ். ஆர்டரும் கிடையாது, வேலையும் கிடையாது" என்றார் மேனேஜர்.

சுப்பராயன் வீட்டுக்கு வந்து, மனைவி மீனம்மாள் கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தூக்கம் வரவில்லை. சரியான ஆளைத்தானே பிடித்தோம், பின்னே ஏன் 'நீலமேகம் சார்' என்ற அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை. காலை ஆறரை.

குன்றத்தூர் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் கிழிந்த சட்டை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தாள். கண்ணப்பன் மனைவி சந்திரம்மாள்.

"இன்னா சார் பண்ணிட்ட நீ?" என்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "உதடு கிழிஞ்சு போச்சு, கை வீங்கிகினு கீது. அடி வலிகூடத் தெரியலை அந்த ஆளுக்கு. நீலமேகம் சொல்ட்டாரு, நீலமேகம் சொல்ட்டாருன்னு அதையே சொல்லிகினு கீறாரு."

"நான் வேணும்னு செய்யலைம்மா. கறை இருந்தது…"

"கறை! பூசணிக்கா ஒடைச்ச கைல கறை இல்லாம சந்தனமா இருக்கும்?" சுருட்டிய சட்டையை உதறிக் காட்டினாள். "மத்தியானம் பூஜைப் பொரி வாங்கக் கம்பெனிக்குப் போனேன். ரகசியமா சொன்னாரு சார் எங்கிட்ட. 'கடைசில சார் ஏட்டைக் கும்பிடுவாரு, கண்டிப்பா பாரு'ன்னு. நானும் பக்கத்து வூட்டு ஜன்னலாண்ட நின்னுகினு கண்ணு கொட்டாம பாத்தேன். எங்க கும்பிட்ட? கும்பிடவே இல்லியே! கதவைத் தொறந்துகினு போய்ட்ட, எழுத்து போட்டுட்டான். டி.வி.லயும் பொய்யி, இங்கயும் பொய்யி."

சுப்பராயன் நிமிர்ந்தார். "கும்பிடலையா?"

"இல்லன்றேன்ல!"

"மீனா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "நேத்து கடைசியில நான் ஏட்டைக் கும்பிடற சீன் வந்துச்சா?"

மீனம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வரலைங்க. என்ன, பொசுக்குன்னு முடிஞ்சுடுச்சேன்னு கேக்கணும்னுதான் இருந்தேன். செய்திக்கு நேரமாயிடுச்சுன்னு வெட்டிட்டான் போல. நீங்க ராத்திரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்டீங்க."

சுப்பராயனுக்கு நேற்றைய பேச்சு நினைவுக்கு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றானே பலராமன்? ஒளிபரப்பாகாத காட்சிக்கு எங்கிருந்து தண்ணீர் வரும்?

"அந்தச் சட்டையைக் கொடும்மா" என்றார். சட்டைக் கையில் நேற்றைய சிவப்புக் கறை காய்ந்திருந்தது. மீனம்மாளிடம் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தரச் சொன்னார். நாடக மேடையில் குத்துப்பட்டுச் சாகிற வேஷம் எத்தனை போட்டிருக்கிறார்! மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்ததுதான் ரத்தம். அதே கலவைதான் ஆரத்தி. புளிப்புப் பட்டால் அந்தச் சிவப்பு நிற்காது. நாலு சொட்டு பிழிந்தார். கறை மஞ்சளாக மாறிற்று.

இது நேற்றே தெரிந்த விஷயம்தான். பூஜை அன்றைக்கு எலுமிச்சம்பழத்துக்கா பஞ்சம்? கதவோரம், சக்கரத்துக்கு அடியில், எங்கே பார்த்தாலும் பழம். ஒன்றை எடுத்துப் பிழிய அவருக்குத் தோன்றவில்லை. கை தட்டல் காதை அடைத்திருந்தது.

காலை எட்டு மணி. மறுபூஜைக்கு ஒரு மணி நேரம் இருந்தது. சுப்பராயன் ஜெபகுமாரைக் கூப்பிட்டு டூல் ரூமைத் திறக்கச் சொல்லி, துண்டின் கறையில் பழத்தைப் பிழிந்தார். சிவப்பு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பிழிந்தார். ஓரம் லேசாகக் கசிந்ததே தவிர நிறம் மாறவில்லை. மை.

துண்டோடு டைம் ஆபீசுக்குப் போனார். பலராமன் தனியாக உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்கின முகமாக இல்லை. விரல் நுனியில் ரிப்பன் மை, லேசில் காயாத எண்ணெய் மை, அப்படியே இருந்தது. டைம் ஆபீஸ்காரன் விரலில் மை இருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? பக்கத்து நாற்காலியில் பதினைந்து வருஷம் உட்கார்ந்தவரே கவனிக்கவில்லை.

"பலராமா, நேத்து கடைசி சீன் எப்படி இருந்துச்சு?"

"சொன்னேனே…"

"அதை வெட்டிட்டாங்கய்யா. காட்டவே இல்லை. அந்தக் கும்பிடு நம்ம கம்பெனியில மூணு பேருக்குத்தான் தெரியும். நடிச்ச எனக்கு, டீ கொண்டாந்த கண்ணப்பனுக்கு, இந்த நாற்காலியில இருந்த உனக்கு. கேன்டீன்ல உக்காந்திருந்தா அது வரலைன்னு நீயே வந்து குறைப்பட்டிருப்பே. டூப்ளிகேட் சாவி கையில, கேன்டீன்ல வெளக்கெல்லாம் அணைச்ச நேரம், எல்லார் கண்ணும் டி.வி.யில. சாவிப் பலகையை நானும் சந்தேகப்படலை, என் ஆபீஸ் பலகையாச்சே!"

பலராமன் மறுக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய டப்பாவை எடுத்து வைத்தார்.

"எதுக்குய்யா?"

"நீ கேக்கறியா?" என்றார் பலராமன். "ஆறு வருஷம் சுப்பு. நீ ஷூட்டிங் போன நாளெல்லாம் உன் ஷிப்டையும் சேத்து நான் பாத்தேன். எம் பொண்ணு நிச்சயதார்த்தத்தன்னிக்குக் கூட இங்கதான் உக்காந்திருந்தேன். நேத்து வாட்ச்மேனுக்கு நன்றி சொன்னே. டீக்காரனுக்குச் சொன்னே. நான் முன்வரிசையில நின்னுகிட்டு, இப்ப சொல்வான், இப்ப சொல்வான்னு… அப்புறம் இங்க வந்து எங்கிட்டயே அந்த ஏட்டைக் கும்பிடற கதையை நடிச்சுக் காட்டறே!"

சுப்பராயன் நேற்றுச் சொன்ன பேர்களை விரல் விட்டு எண்ணினார். உண்மைதான். அந்தப் பேர் நாக்கிலும் வரவில்லை, நினைவிலும் வரவில்லை.

"ஒரு ராத்திரி நீ தவிக்கணும்னு எடுத்தேன். காலையில வச்சிருப்பேன். நீ அந்தப் பையன் பேரைச் சொல்லுவேன்னு நான் கண்டேனா? அந்தக் கூட்டத்தைப் பாத்ததும் வாய் தொறக்கலை எனக்கு. நாலு வருஷத்துல ரிட்டயர்மென்ட். சுப்பு, இதை அந்தச் சாமி படத்துக்குப் பின்னால போட்டு, கிடைச்சுதுன்னு சொல்லிடேன். எல்லாரும் பொழைச்சுப் போவோம்."

சுப்பராயனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. ரொம்ப ஆசையாக இருந்தது. டப்பா கிடைத்துவிடும். சிநேகிதன் பிழைத்துவிடுவான். நீலமேகமும் பெரிதாக அவமானப்பட வேண்டாம். பலராமனைக் காட்டிக்கொடுத்தால், ஆறு வருஷம் சுமந்தவனைத் தூக்கிப் போட்டு மிதித்த பாவம் வந்து சேரும். தப்பின் முதல் வேர் தன்னிடம் இருக்கும்போது அவனை எந்த வாயால் திருடன் என்பது?

ஆனால் டப்பா படத்துக்குப் பின்னால் கிடைத்தால் ஊர் என்ன சொல்லும்? நீலமேகம் தப்பாகவா சொல்வார், அடிக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கண்ணப்பன் திருப்பி வைத்துவிட்டான் என்றுதான் சொல்லும். சாகிறவரைக்கும் அவன் பின்னால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"முடியாதுய்யா" என்றார் சுப்பராயன். "எழுந்து வா."

ஒன்பது மணிக்குக் கற்பூரம் காட்டினார்கள். ஏகாம்பரநாதன் முதல் மெஷினை ஓட்டி நிறுத்தினார். கூட்டத்தின் கடைசியில், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணப்பன் நின்றான். ஒரு கண் மூடியிருந்தது. அவனைச் சுற்றி நாலு முழத்துக்கு ஒருவரும் இல்லை.

சுப்பராயன் முன்னால் வந்து டப்பாவைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் சட்டென்று கை தட்டிற்று. "நீலமேகம்னா நீலமேகம்தான்யா" என்று யாரோ கத்தினார்கள்.

"கை தட்டாதீங்க" என்றார். நீலமேகத்தின் குரல் வரவில்லை. டைம் ஆபீஸ் சுப்பராயன் குரல்தான் வந்தது.

கண்ணப்பன் சட்டையைக் காட்டினார். எலுமிச்சம்பழம் பட்டு மஞ்சளான கறையைக் காட்டினார். மாறாத துண்டுக் கறையைக் காட்டினார். ஒளிபரப்பாகாத காட்சியைச் சொன்னார். பலராமன் தானாகவே அவர் பக்கத்தில் வந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

"டப்பாவை எடுத்தவர் பலராமன். ஏன்னு கேளுங்க. ஆறு வருஷம் என் வேலையைச் செஞ்சவர் அவர். நேத்து அத்தனை பேருக்கு நன்றி சொன்ன நான் அவர் பேரைச் சொல்லலை. ஒருத்தரையும் விடலைன்னு மெச்சினீங்களே, உங்களுக்கும் தோணலை. அது ஒரு குத்தம். கண்ணப்பனைத் திருடனாக்கினது இன்னொரு குத்தம். அதைச் செஞ்சது பலராமன் இல்லை. நான். எனக்குத் துப்பறியத் தெரியாது. கை தட்டினீங்க, சந்தோஷமா இருந்தது, கையில கிடைச்சவனைப் பிடிச்சேன்."

தாண்டவராயன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏகாம்பரநாதன் முன்னால் வந்தார். பலராமன்மேல் என்ன நடவடிக்கை என்று திங்கட்கிழமை பேசலாம் என்றார். கண்ணப்பனைக் கூப்பிட்டு நிரந்தர ஆர்டரைக் கொடுத்தார். கண்ணப்பன் வீங்காத கையால் வாங்கிக்கொண்டான். பிரித்துப் பார்க்கவில்லை.

சுப்பராயன் அவனிடம் போனார். எல்லோருக்கும் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிடுன்னு கேக்கற யோக்யதை எனக்கு இல்லை. போலீசுக்குப் போறதுன்னா நானே கூட வந்து எழுதிக் கொடுக்கறேன். திட்டணும்னா திட்டு, அடிக்கணும்னா அடி."

கண்ணப்பன் திட்டவில்லை. கிழிந்த உதட்டால் மெள்ளப் பேசினான். கோபமே இல்லாத குரலில் பேசினான், அதுதான் சுப்பராயனால் தாங்க முடியவில்லை.

"நேத்து வூட்டுக்குப் போய் என் பையை நானே கொட்டிப் பாத்தேன் சார். அரிசிப் பானைக்குள்ள கைவுட்டுப் பாத்தேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்கே தெரியாம நான் எடுத்துட்டேனோன்னு விடியறவரைக்கும் தேடிகினு இருந்தேன் சார்."